தெளியாத தொட்டி

பிறருக்கு நல்லது செய்கிறவன் அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டுமா? பாக்கியசீலன் மிஸ்திரியின் வாழ்க்கையைப் புரட்டிப் பார்த்தால் கடைசியில் இந்தக் கேள்விதான் மிஞ்சுகிறது. சாகும்வரை ஊர் அவரைத் 'தெளியாத தொட்டி' என்றே கேலி பேசியது. அவர் பதில் சொன்னதில்லை. பதில் சொல்லும் பொறுமை அவருக்கு என்றுமே இருந்ததில்லை.

ஏரலுக்குக் கிழக்கே ஆற்றங்கரையில் ஒரு கருப்பட்டி ஆலை இருந்தது. அதில் வடிகட்டும் கொட்டகை அவர் பொறுப்பு. கருப்பட்டியை வெந்நீரில் கரைத்து, சுண்ணாம்பு சேர்த்து, நீளமான சீலைப் பைகளில் ஊற்றி வடித்து, வடிந்த பாகைக் காய்ச்சிச் சீனி எடுப்பார்கள். சொன்னால் ஒரு வரி. செய்தால் நரகம். கருப்பட்டியோடு மணல் வரும், ஓலை நார் வரும், செத்த ஈ வரும்; வியாபாரியின் மனசாட்சி மட்டும் வராது. கொஞ்ச நேரத்தில் பை அடைத்துக்கொள்ளும். அவிழ்த்து ஆற்றுக்குக் கொண்டுபோய், உட்புறம் வெளியே வரப் புரட்டி, சுண்ணாம்புச் சகதியைக் கையால் வழித்து அலச வேண்டும். திரும்பக் கொண்டுவந்து கட்டினால் திரும்பவும் அடைக்கும்.

இதற்கென்றே எட்டுப் பெண்கள். பைகளைப் பாம்புச்சட்டை என்பார்கள்.

"பாம்புகூட எப்பவாவதுதான் உரிக்கும். இந்தச் சவம் நாளெல்லாம் உரிக்கி" என்பாள் இசக்கித்தாய். எட்டுப் பேருக்கும் வாய் அவள்தான்.

எட்டில் ஒருத்தி மிஸ்திரியின் தங்கை சாரம்மாள். கணவனைக் காலராவுக்குப் பறிகொடுத்தவள். அவள் விரல்களைச் சுண்ணாம்பு தின்றிருந்தது. உப்பு பட்டால் எரியும் என்று கஞ்சியை உப்பில்லாமல், ஓலையில் மொண்டு குடிப்பாள். அண்ணனுக்கு இது தெரியும். தெரிந்தும் பல காலம் பொறுத்திருந்தார். பொறுக்க முடியாமல் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்துத் திருவிருந்தில் சாரம்மாள் உள்ளங்கையை நீட்ட, அப்பத்தை வைக்க வந்த பாதிரி ஐயரவர்களின் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. சபை முழுவதும் பார்த்தது. மிஸ்திரியைச் சுட்டது தங்கையின் புண்ணா, சபை பார்த்துவிட்ட அவமானமா என்று பிரித்துச் சொல்வது கடினம். நற்செயல்களின் வேரைத் தோண்டினால் பெரும்பாலும் இப்படித்தான், இரண்டு வேர் பின்னிக் கிடக்கும்.

மறுநாளே ஆலையை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் போனார். யோசனை எளியது. கரைத்த பாகை நேரே பையில் ஊற்றாமல், மரத்தொட்டி ஒன்றில் காலையிலிருந்து பிற்பகல்வரை அசையாமல் வைப்பது. சகதி அடியில் படிந்துவிடும். ஒரு சாண் மேலே குழாய் வைத்துத் தெளிவை மட்டும் இறக்கினால் பை அடைக்காது. கழுவ இரண்டு பேர் போதும். சாரம்மாளைச் சாக்குத் தைக்கும் கொட்டகைக்கு மாற்றிவிடலாம். மற்ற ஐந்து பேர்? ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் நாற்று நடப் போவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். துரை தலையாட்டினார். ஆடி வெள்ளத்துக்குள் தெளியாவிட்டால் தொட்டியைப் பிரித்து அடுப்பில் போடச் சொன்னார்.

தொட்டி தெளியவில்லை.

சூடு ஆறாமலிருக்க மேலே சாக்கு போர்த்தினார். தெளியவில்லை. சுண்ணாம்பைக் கூட்டினார், குறைத்தார். குழாயைக் கழற்றி மாட்டினார். கருப்பட்டி வியாபாரிகளோடு சண்டை போட்டார். தரை அதிர்கிறதோ என்று, "ஏலே, இந்தப் பக்கம் வண்டி உருட்டாதியலே" என்று கூலியாட்களை விரட்டினார். அவர்கள் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பூனை நடை நடந்து காட்டினார்கள். ஜெபமும் பண்ணிப் பார்த்தார். சாப்பாட்டு நேரம் கழிந்து வந்து சாக்கை விலக்கினால், அதே சேற்றுக் குழம்பு.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்காவது தெளிஞ்சுதா?" பை மூட்டையோடு போன இசக்கித்தாய் கேட்டாள். உடன் போனவர்கள் சிரித்தார்கள். சாரம்மாள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

"ஒன் சோலியப் பாரு."

"எங்க சோலியத்தான் நீங்க பாக்கியளே. பெறகு நாங்க எதப் பாக்க?"

ஆடி பிறந்தது. மேற்கே பாபநாசத்து மலையில் மழை என்றார்கள், ஆறு செந்நிறமாகிவிட்டது. அன்று பிற்பகல் துரை பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். எரிச்சல் தாளாமல் மிஸ்திரி அன்று காலை தொட்டியிலிருந்து ஒரு மருந்துக் குப்பி நிறையப் பாகு மொண்டு, தன் மேஜை பக்கத்து ஜன்னலில் வைத்தார். வேலையினூடே அதையே முறைத்துக்கொண்டிருந்தார். உச்சி வேளையில் குப்பி தெளிந்திருந்தது. மேலே தேன் நிறம், அடியில் விரற்கடை சகதி.

ஒரே பாகு. குப்பியில் தெளிகிறது, தொட்டியில் தெளியவில்லை. இரண்டுக்கும் ஒரு வித்தியாசம்தான். குப்பி அவர் கண்முன்னால் இருந்தது.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பைய நடந்து தொட்டியிடம் போனார். சாக்குகள் ஒழுங்காக மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. கவிழ்த்த கூடைமேல் ஏறி நின்று, சாரம்மாள் துடுப்பால் தொட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். கை நோகாமலிருக்கத் துடுப்பின் பிடியில் துணி சுற்றியிருந்தாள்.

"நீயாட்டி?"

உடனே நிறுத்தவில்லை. இன்னொரு சுற்று சுற்றினாள். "நாந்தான்."

"இசக்கித்தாய் ஏவிவிட்டாளா?"

"அவளுக்குத் தெரியாது. நீ மக்குன்னுல்லா அவ நெனச்சிக்கிட்டிருக்கா."

"ஒனக்காகத்தான இவ்வளவு பாடும். ஒன் கையப் பாத்தியா?"

"நான் பாக்காம? ராத்திரி நான் ஒறங்கினாலும் அது ஒறங்குதா?"

"பெறகு என்னத்துக்குட்டி இந்த வேல?"

"அஞ்சு வீட்டுல அடுப்பு அணையும். மிஸ்திரி தங்கச்சி நெழல்ல இருந்து சாக்குத் தைக்கணும். அவளுவ மொகத்துல நான் முழிக்க வேண்டாமா?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா."

"நீ எங்கிட்டக் கேட்டியா?"

துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, சாக்குகளைப் பழையபடியே போர்த்தினாள். பை கழுவப் போய்விட்டாள்.

அவளை அறைய வேண்டும்போல இருந்தது அவருக்கு. சுண்ணாம்புக்கு இந்த நியாயமெல்லாம் தெரியுமா? அந்த ஐந்து பேர் நாளைக்கு இவளுக்குக் கஞ்சி ஊட்டுவார்களா? ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. துரையிடம் குப்பியைக் காட்டினால் போதும். நிறுத்தி வைத்தால் தெளியும் என்று கண்ணால் கண்டுகொள்வார். தொட்டிக்கு ஒரு மூடி, மூடிக்கு ஒரு பூட்டு. அதோடு தீர்ந்தது. கலக்கியது யார் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. சாரம்மாள் அழுதாலும் விரல் ஆறும்.

வெளியே படிக்கட்டில் துரையின் பூட்ஸ் சத்தம் கேட்டது. மிஸ்திரி மேஜைக்குத் திரும்பி, ஜன்னலிலிருந்து குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தான் சொன்னது சரிதான். அத்தனை தெளிவு.

பெருவிரலால் அதன் வாயைப் பொத்தினார். தலைகீழாகக் கவிழ்த்து, நன்றாகக் குலுக்கி, துரை வந்து பார்ப்பதற்காக மேஜைமேல் வைத்தார்.