இருபத்தெட்டை மறுத்த அக்கா

இத்தாலியில், பலெர்மோவில் சட்டம் படிக்கத் தொடங்கிய முதல் வருடம், முதல் பரீட்சைக்கு நான் தனியாகப் போய் ஆறு நிமிடத்தில் தோற்று வெளியே வந்தேன். இங்கே பரீட்சை பெரும்பாலும் வாய்மொழிதான். மேசைக்கு அந்தப் பக்கம் பேராசிரியர், இந்தப் பக்கம் நாம். பின்னால் வாங்குகளில் எவரும் வந்திருந்து கேட்கலாம் என்பதும், முன்னர் பரீட்சைக்கு இருந்தவர்களிடம் என்ன கேட்டார்கள் என்று அப்படித்தான் அறிந்துகொள்வார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. அப்பா மொண்டெல்லோவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். அம்மா மூன்று வீடுகளைத் துப்புரவாக்குகிறார். எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இதையெல்லாம் வீட்டில் யாரிடம் கேட்பது?

கேட்கக்கூடியவர்கள் வெளியே இருந்தார்கள். ஏழு பெண்கள். அந்த வருடம் எங்கள் ஆட்களில் கம்பஸுக்குப் போன பெடியன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். பெண்கள் விடாமல் படித்தார்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் அல்பெர்கேரியாப் பகுதியில், தாதிமை படிக்கும் அக்காவின் வீட்டுக் குசினியில், அடுப்படி மேசையைச் சுற்றிக் கூடுவார்கள். தாய்மார் அதைப் 'பெட்டையளின்ரை சங்கம்' என்பார்கள். அதற்கு வேறு பெயரும் இல்லை, பதிவும் இல்லை. இரண்டு சட்டங்கள் மட்டும் இருந்தன. ஒருத்தியும் பரீட்சைக்குத் தனியாகப் போகக்கூடாது. குறைந்தது இருவர் பின்னால் வாங்கில் இருந்து கேள்விகளை எழுதவேண்டும். இரண்டாவது, பரீட்சைத் திகதியை எந்த வீட்டுக்கும் சொல்லக்கூடாது. சொன்னால் தாய்மார் நேர்த்தி வைப்பார்கள், யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுப்பார்கள். பிறகு தோற்றால் கோயிலிலும் தேவாலயத்திலும் நின்று பதில் சொல்லவேண்டும்.

நான் சேரக் கேட்டபோது நெடுநேரம் வாக்குவாதப்பட்டார்கள்.

"பெடியனைச் சேர்த்தா ஊர் கதைக்கும்."

"இஞ்சை எங்கையடி ஊர்?"

"மேல்மாடி அன்ரிதான் ஊர்."

கடைசியில் நிபந்தனையோடு சேர்த்தார்கள். அந்தப் படிப்பு வருடம் முடியும்வரை எல்லாருடைய பரீட்சைகளுக்கும் நான் போய்க் கேள்விகளை எழுதவேண்டும். நான் வருகிற நாளில் வாசற்கதவு திறந்தே இருக்கும். மாசி மாதக் குளிர் படியேறி நேரே குசினிக்குள் வந்தது. எல்லாரும் ஜக்கெட் போட்டுக்கொண்டு படித்தோம், என்னைத் திட்டிக்கொண்டே.

அந்தக் குளிர்காலம் ஒன்பது பரீட்சைகளுக்குப் போனேன். சிறுநீரகம் பற்றியும் மண்ணின் வகைகள் பற்றியும் கேட்ட கேள்விகளை விளங்காமலே எழுதினேன். ஒருவர் தோற்றுவிட்டு வந்தால் அன்று எவரும் ஆறுதல் சொல்வதில்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டு, "எந்தக் கேள்வியிலை விழுந்தனி?" என்றுதான் கேட்பார்கள்.

அந்த ஏழு பேரில் சட்டம் படித்த அக்கா ஒருவர், மூன்றாம் வருடம். முதல் வருடத்திலேயே முடித்திருக்கவேண்டிய தனியார் சட்டம் என்ற பாடத்தை மட்டும் அவர் எடுக்காமல் வைத்திருந்தார். காரணத்தை ஒளிக்கவில்லை. அந்தப் பாடத்தின் பேராசிரியர் வீட்டில்தான் அவருடைய தாய் பதினொரு வருடமாக வேலை செய்கிறார். தாயின் கடைசிப் பெயரும் மகளின் கடைசிப் பெயரும் வேறு என்பதால் பேராசிரியருக்குத் தெரியாது.

"அவர் கேட்டு, நான் சொல்லி, அதுக்கு வாற புள்ளிதான் எனக்கு வேணும். அம்மான்ரை பிள்ளை எண்டு ஒரு புள்ளியும் வேண்டாம்," என்றார். "நாளைக்கு நான் கோட்டிலை நிண்டு கதைக்கேக்கை எனக்கே என்னிலை சந்தேகம் வரக்கூடாது."

ஆடி மாதத்தில் எடுப்பதென்று முடிவெடுத்தார். நான் தோற்றதும் அதே பாடம் என்பதால், கேள்வி கேட்கிற வேலை எனக்கு வந்தது. இரண்டு மாதம், தலையணை போன்ற அந்தப் புத்தகத்தை ஒவ்வொரு பின்னேரமும் திறந்தோம்.

பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு, சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு நின்ற அவருடைய தாய் என்னை மறித்தார்.

"தம்பி, உவள் ஒரே கதவைப் பூட்டிப்போட்டு இருக்கிறாள். சோதினையோ?"

பெரியவர்கள் கேட்டால் பொய் சொல்ல எனக்கு வராது. "ஓம் அன்ரி. வியாழக்கிழமை."

"ஆரிட்டை?"

அதையும் சொன்னேன். அவர் கத்தரிக்காயைக் கீழே வைத்தார். முகம் முழுக்க வெளிச்சம். "என்ரை ஆண்டவரே! எங்கடை புரொபெசோரேயிட்டையோ! உவள் ஒரு சொல்லுச் சொன்னாளே?"

"அன்ரி, அங்கை ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ," என்றேன்.

"அது எனக்குத் தெரியாதே, பிள்ளை? நீ யோசியாதை," என்றார்.

புதன்கிழமை அவர் நாற்பது ரோல்ஸ் பொரித்துப் பேராசிரியர் வீட்டுக்குக் கொண்டுபோனார். படிப்பிக்கிறவரை மதிக்காமல் பிள்ளையை எப்படி அனுப்புவது? அவருக்கு அது லஞ்சமே இல்லை, மரியாதை. அதை நாங்கள் மண்டபத்தில்தான் அறிந்தோம்.

வியாழன் காலை நாங்கள் ஐந்து பேர் பின்னால் வாங்கில் இருந்தோம். அக்காவுக்கு முன் இருந்த பையனைப் பேராசிரியர் அரை மணித்தியாலம் பிழிந்து இருபத்தொன்று கொடுத்தார். முப்பதுக்குப் பதினெட்டு எடுத்தால் பாஸ். அடுத்து அக்காவின் பெயரைக் கூப்பிட்டார். அக்கா போய் இருந்ததும் பேராசிரியர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நீங்கள்தானா அது! நேற்று அந்த ரோல்ஸை நானே தின்று முடித்துவிட்டேன், மனைவிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை."

மண்டபம் சிரித்தது. அக்காவின் கழுத்து சிவந்ததைப் பின்னால் இருந்தே கண்டேன். பேராசிரியர் ஒப்பந்தம் என்றால் என்ன என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். முதல் நாள் வகுப்பிலேயே சொல்லித்தருவது. அக்கா இரண்டு வசனத்தில் சொன்னார்.

"அழகு. இருபத்தெட்டு. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்."

அக்கா எழும்பவில்லை.

"எனக்கு முன் இருந்தவரிடம் கேட்டதைப் போல என்னிடமும் கேளுங்கள், புரொபெசோரே."

"இருபத்தெட்டு போதாதா, சிஞ்ஞொரீனா?"

"கூடவா குறைவா என்று எனக்குத் தெரியாது. அது எதற்கென்று தெரியவில்லை."

கொடுத்த புள்ளியை மறுப்பது இங்கே வழமைதான்; குறைவென்று மறுப்பார்கள். இருபத்தெட்டை மறுத்தவரை நான் அதுவரை கண்டதில்லை. இப்போது தோற்றால் புரட்டாதி வரை காத்திருக்கவேண்டும். பேராசிரியருக்கு மனம் நொந்தது முகத்தில் தெரிந்தது. "சரி," என்று கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

நாற்பது நிமிடம். உடைமை, மரணசாசனம், செல்லாத ஒப்பந்தம், அதில் எத்தனை வகை, ஏன். சலுகை துளியும் இல்லை. அக்கா முதலில் அவசரப்பட்டார், பிறகு ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னார். நிலத்தை ஈடு வைப்பது பற்றிய கேள்வியில் தடுமாறினார். அதை அவரே ஒத்துக்கொண்டார். எனக்குக் கை வலித்தது, அவ்வளவு எழுதினேன்.

"இருபத்தாறு," என்றார் பேராசிரியர். "ஏற்கிறீர்களா?"

"ஏற்கிறேன்."

வெளியே வந்ததும் அக்கா தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டார். "அம்மாவுக்கு ஆர் சொன்னது?"

"நான்தான் அக்கா."

தாதிமை அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "உவன்ரை வாயும் எங்கடை வாசற்கதவும் ஒண்டு. எந்நேரமும் திறந்தபடி."

எவரும் சிரிக்கவில்லை. அதற்குள் தாயின் அழைப்பு வந்தது. நடந்ததை அக்கா ஒளிக்காமல் சொன்னார்; தாய் கத்தியது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"இருபத்தெட்டைத் தந்த மனுசனிட்டை இருபத்தாறை வாங்கிக்கொண்டு வாறியோ? உனக்கென்ன விசரே? நாளைக்கு எந்த முகத்தோடை நான் அங்கை போறது?"

"இருக்கிற முகத்தோடை போங்கோ, அம்மா. அந்த வீட்டை பதினொரு வருஷம் துடைச்சது நீங்கள். அதிலை நான் பாஸ் பண்ணேலாது."

தாய் இன்னும் இரண்டு தரம் 'விசர்' என்றார். பிறகு, "சாப்பிட்டியே?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை தாய் வேலைக்குப் போனார். பேராசிரியர் கோப்பி குடித்துக்கொண்டு, "உங்கள் மகளுக்குக் கல்லுத் தலை," என்று மட்டும் சொன்னாராம். அன்ரி இதை முதலில் எல்லாரிடமும் முறைப்பாடாகச் சொல்லித் திரிந்தார். புரட்டாதி வரும்போது அதே வசனத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் அந்தப் படிப்பு வருடம் முடிந்தது. என்னைத் தொடர்ந்து வைத்திருப்பதா என்று குசினியில் கை உயர்த்தினார்கள். நாலுக்கு மூன்று. எதிர்த்த மூவரில் சட்டம் படித்த அக்காவும் ஒருவர்.

"தம்பியிலை கோபமில்லை," என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். "நம்பிக்கை இன்னும் வரேல்லை."

எனக்குக் குத்தியது. எழும்பிப் போகலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். போனால் திரும்பவும் தனியாகத்தான். ஆறு நிமிடத்தில் வெளியே வந்த ஆளாகவே இருக்க எனக்கு விருப்பமில்லை. அடுத்த பரீட்சை யாருக்கு என்று கேட்டேன்.

"எனக்கு. செவ்வாய், ஒன்பதுக்கு," என்றார் சட்டம் படித்த அக்கா.

"வாறன்," என்றேன்.

செவ்வாய் விடியச் சப்பாத்துப் போடும்போது அம்மா எங்கே இவ்வளவு வெள்ளன என்று கேட்டார். "அதைச் சொல்லேலாது அம்மா," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். எட்டரைக்கு மண்டபக் கதவு இன்னும் பூட்டியிருந்தது. வாசலிலேயே நின்றேன்.