வேன் அக்கா இனி உட்காரச் சொல்லமாட்டாள்

என் மருமகளை இந்தக் கட்டடத்தில் ‘வேன் அக்கா’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வேன் போயே ரொம்ப நாள் ஆகிவிட்டது, பட்டம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூட வேனில் சின்னப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை பார்த்தவள். கதவோரம் நின்றுகொண்டு, ஏறுகிற தலை ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுத்தான் உள்ளே விடுவாள். அவள் தொடாத தலை வேனில் ஏறினதே கிடையாது. ‘உட்காரு, கையை உள்ளே வை, வாயை மூடு’ என்று காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரைக்கும் அதே பாட்டுத்தான். தூக்கத்திலும் அதையே உளறுவாள். என் மகன் லாரி ஓட்டுகிறவன், வாரக்கணக்கில் வெளியே இருப்பான். வீட்டுக்கு வந்த அன்றைக்கு அவனையும் ‘கையை உள்ளே வை’ என்று அதட்டியிருக்கிறாள். நான் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தார் ஒருநாள் வேனை நிறுத்திவிட்டார்கள். மறுநாளே இரண்டு அம்மாக்கள் பிள்ளைகளோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஒருத்தி ஆஸ்பத்திரியில் நர்ஸ், இன்னொருத்தி கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறவள்.

“அக்கா, ஸ்கூல் விட்டதும் பிள்ளைங்களை நீங்க பாத்துக்கிட்டா நாங்க வேலைக்குப் போவோம். இல்லேன்னா வேலையை விடணும்.”

“கூட்டிட்டு வந்து விடுங்க” என்றாள் இவள். யோசிக்கவே இல்லை. அதற்குள் பிள்ளைகள் தலையைத் தொட்டுவிட்டாளே!

இப்படித்தான் மாடியில் இருக்கிற எங்கள் வீட்டில் நாலு வாண்டுகள் சேர்ந்தன. நர்ஸம்மாவின் ரெட்டைப் பெண்கள். பெட்டி ஒட்டுகிறவளுடைய மகள் பட்டாணி. பட்டாணிக்கு நாலு வயசு, வாய்க்கு நாற்பது. நாலாவது என் பேரன், புலி என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான்.

மருமகளின் தம்பி டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். யாரோ கொடுத்துவிட்டு வாங்க வராமலே போன, டிவியில் மாட்டி ஆடுகிற ஒரு விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். அதற்குள் ஒரே ஒரு சிடி மாட்டிக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஆக, அந்த ஒரு ஆட்டம்தான். தீம் பார்க் ஆட்டம். கையில் பிடிக்க ஒன்றும் கிடையாது. டிவி தலைமேல் ஒரு கேமராப் பட்டை உட்கார்ந்துகொண்டு நம்மையே முறைக்கும். நாம் எதைச் செய்கிறோமோ அதை உள்ளே இருக்கிற பொம்மை செய்யும். நான் நம்பவில்லை. முன்னால் போய் நின்று தலையைச் சொறிந்தேன். பொம்மையும் சொறிந்தது. ‘அட நாயே’ என்றேன். அதை மட்டும் அது சொல்லவில்லை.

முதல் நாள் என்ன ஆனது தெரியுமா? மலைமேல் ஏறி இறங்குகிற ரயில் வந்தது. சாய வேண்டும், கையைத் தூக்க வேண்டும், நட்சத்திரம் வந்தால் எகிறிப் பிடிக்க வேண்டும். ரயில் கிளம்பியதும் நாலு பிள்ளைகளும் தரையில் பொத்தென்று உட்கார்ந்து, கையை மடியில் வைத்து, வாயை மூடிக்கொண்டார்கள். பெட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆளைக் காணோம் என்று ஆட்டத்தையே நிறுத்திவிட்டது.

“எந்திரிங்கடா!” என்றாள் மருமகள்.

ஒன்றும் அசையவில்லை. பட்டாணிதான் சொன்னாள். “வண்டி ஓடும்போது எந்திரிச்சா கீழ விழுந்து மண்டை உடையும்னு நீங்கதானே சொன்னீங்க?”

மருமகளுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு அவளே நடுவில் போய் நின்றாள். என்னைவிட ஒரு சுற்று பெரிய உடம்பு அவளுக்கு. இரண்டு கையையும் நீட்டினாள், சாய்ந்தாள், ‘ஓ’வென்று கத்தினாள், நட்சத்திரம் வந்ததும் எகிறிக் குதித்தாள். சமையலறையில் பாத்திரமெல்லாம் சலங்கை கட்டின மாதிரி ஆடின. அதற்கப்புறம் பிள்ளைகளைப் பிடிக்க முடியுமா?

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் சொன்னாள். வேனில் பிள்ளைகளை ஒருமுறை நிஜமான தீம் பார்க்குக்குக் கூட்டிப் போனார்களாம். டீச்சர்கள் உள்ளே போனார்கள், இவளை வண்டியில் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல் வைத்துவிட்டார்கள். “மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே கூச்சல் அத்தை. நம்ம பிள்ளைங்க குரல்னு தெரியுது. வண்டியில அப்படிக் கத்தினா நான் வாயை மூடுன்னு சொல்லியிருப்பேன்.”

மறுநாளே கீழேயிருந்து தட்டல் வந்தது. எங்களுக்கு நேர் கீழே, தரைத்தளத்தில், ரிட்டயர் ஆன ரயில்வே கார்டு இருக்கிறார். ஒட்டடைக் குச்சியால் கூரையைக் குத்துவார். நாங்கள் குதித்தால் அவர் தட்டுவார், அவர் தட்டினால் பிள்ளைகள் அதை ஆட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்து இன்னும் குதிப்பார்கள். நாலு நாள் பொறுத்துவிட்டு மேலே ஏறி வந்தார்.

“ஏம்மா, இது வீடா, குதிரை லாயமா?”

“குழந்தைங்க சார்.”

“என் வீட்டுலயும்தான் குழந்தைங்க வளந்தாங்க. ஒரு சத்தம் வராது!”

“அதான் ஒருத்தரும் உங்களை வந்து பாக்கறதில்லையோ?” என்று நான் உள்ளேயிருந்து கேட்டேன். மருமகள் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கேட்டது கேட்டதுதான்.

மனுஷர் நேரே வீட்டுக்காரம்மாவிடம் போய்விட்டார். வீட்டுக்காரம்மா வந்து சோபாவில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள். “இனிமே இந்த வீட்டுக்குள்ள ஒரு குதி கேக்கக் கூடாது. கேட்டுச்சுன்னா பிள்ளைங்களைப் பாத்துக்கற வேலையை விட்டுடு. இல்லேன்னா வேற வீடு பாத்துக்கோ.”

போனில் என் மகனுக்குச் சொன்னோம். “கார்ட்டூனைப் போட்டு உட்கார வை, முடிஞ்சுது” என்றான். லாரியில் உட்கார்ந்தே வாழ்கிறவன் வேறென்ன சொல்வான்! நர்ஸம்மாவும் பயந்துபோய், “அக்கா, உட்காரச் சொல்லிடுங்க அக்கா, உங்களை விட்டா எனக்கு வேற ஆளில்லை” என்று கெஞ்சினாள்.

எனக்கே கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது. “அம்மாடி, கொஞ்ச நாளைக்கு உட்கார வைப்போமே” என்றேன்.

சோறு வடித்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். “இத்தனை வருஷம் நான் சொன்னதே அது ஒண்ணுதான் அத்தை. பிள்ளைங்க ரயிலைப் பாத்ததும் கையைக் கட்டிட்டு உட்கார்ந்துச்சே, பாத்தீங்கல்ல? அந்த உட்காருங்கிற வார்த்தையை இனி என் வாயால சொல்லமாட்டேன். பிள்ளைங்களையும் அனுப்பமாட்டேன். வீட்டையும் காலி பண்ணமாட்டேன்.”

“மூணும் எப்படி முடியும்?”

“வீட்டுக்குள்ளதானே குதிக்கக் கூடாதுன்னாங்க?” என்றாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் டிவி கீழே இறங்கியது. மருமகள் ஒரு பக்கம், அவள் தம்பி ஒரு பக்கம். நான் கேமராப் பட்டையைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு பின்னால் போனேன். எங்கள் ஜன்னலிலிருந்து நீள ஒயர் தொங்கியது. மாடிப்படிக்குக் கீழே எல்லோரும் நடக்கிற பொது இடம், தரை வெறும் சிமெண்ட், அடியில் மண். எவ்வளவு குதித்தாலும் எவர் தலையிலும் விழாது. எதிரே கார்டு வீட்டுக் கதவு. அதற்கு நாங்கள் என்ன செய்வது?

அன்றைக்குப் படகுச் சவாரி. பட்டாணியும் புலியும் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கார்டு நடைப்பயிற்சி முடித்து உள்ளே வந்தார். அவர் வீட்டுக்குப் போகிற வழி டிவிக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில்தான். அவர் குறுக்கே வந்ததும் அந்தப் பெட்டி பட்டாணியை விட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. திரையில் பார்த்தால் தொந்தியைத் தள்ளிக்கொண்டு ஒரு பொம்மை படகில் நிற்கிறது!

“தாத்தா, குனிங்க! பாலம்! பாலம்!” என்று நாலும் அலறின.

மனுஷர் பட்டென்று குனிந்துவிட்டார். வாழ்நாளெல்லாம் ரயிலில் போனவர், பாலம் என்றதும் உடம்பு தானாகக் குனிந்துவிட்டது போல. படகு பாலத்தைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள். நிமிர்ந்தவருக்கு முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது.

“யாரு இதை இங்க கொண்டுவந்து வெச்சது?”

“நான்தான் சார். வீட்டுக்குள்ள கூடாதுன்னு வீட்டுக்காரம்மா சொல்லிட்டாங்க” என்றாள் மருமகள், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

“என் ஆட்டம் போச்சு, இவர் புடுங்கிட்டார்” என்று பட்டாணி தரையில் புரண்டு அழுதாள். கார்டு கதவைச் சாத்திய சத்தம் மொட்டை மாடிக்குக் கேட்டிருக்கும்.

தினமும் இதே கூத்துத்தான். தண்ணீர் கேன் போடுகிறவன் கேனைத் தோளில் வைத்தபடியே திரையில் வந்த பேய் வீட்டுக்குள் போய்விட்டான். வேலைக்குக் கிளம்பின நர்ஸம்மா, “ஒரே ஒரு தடவை அக்கா” என்று குதித்துவிட்டுப் போனாள். கார்டுக்குத்தான் போகவும் முடியவில்லை, வரவும் முடியவில்லை. கதவைத் திறந்தால் ஆட்டத்தில் சேர்ந்துவிடுவார். திறக்காவிட்டால் கூச்சல் கதவு வழியாகவே உள்ளே வந்துவிடும். வாரம் முடிவதற்குள் வீட்டுக்காரம்மாவை அவரே வரவழைத்துவிட்டார்.

“முதல்ல இதைத் தூக்கிட்டு மேல போங்க” என்றாள் வீட்டுக்காரம்மா, வந்ததும் வராததுமாக.

“மேல போனா குதிப்போம்” என்றாள் மருமகள்.

“கொஞ்சம் மெதுவா குதிக்கக் கூடாதா?”

“மெதுவா குதிச்சா அதுக்குப் பேரு நிக்கறதும்மா.”

வீட்டுக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கார்டைப் பார்த்தாள். “நீங்களே சொல்லுங்க சார். மேலயா, இங்கயா?”

அவர் அந்த டிவியை முறைத்தார். “மத்தியானம் நான் தூங்கணும்” என்றார். முன்னிருந்த அதட்டல் அந்தக் குரலில் இல்லை.

“தூங்குங்க சார். நீங்க எந்திரிச்சு டீ குடிச்சப்புறம் ஆரம்பிக்கறோம். அதுக்குமேல என்னால விட்டுக் கொடுக்க முடியாது.”

“சத்தம் வந்தா தட்டுவேன்.”

“தட்டுங்க. நாங்களும் குதிப்போம்.”

“மேலயே போய்த் தொலைங்க!” என்று அவர் வாயால் அவரே சொன்னார். நான் சாட்சி, வீட்டுக்காரம்மா சாட்சி. அன்றைக்கே டிவி மாடிக்கு ஏறியது. என் மெத்தையை நானே இழுத்துக் கூடத்தில் விரித்தேன், அவருக்காக இல்லை, பிள்ளைகள் முட்டி பெயராமல் இருக்கத்தான். எனக்குப் பாய் போதும். யாரும் பரிதாபப்பட வேண்டாம்.

நேற்றும் தட்டினார். ரயில் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. பட்டாணி மெத்தையில் குப்புறப் படுத்து, தரையோடு வாயை வைத்துக் கத்தினாள்.

“இருங்க தாத்தா! ரெட்டைங்க முடிக்கட்டும், அப்புறம் புலி, அப்புறம்தான் நீங்க!”

“வம்பு பேசாதே, எந்திரி” என்றாள் மருமகள். “நட்சத்திரம் வருது பார், குதி!”