நாற்பது கூரைகளும் ஒரு கூடாரமும்

கிள்ளானில் புயலடித்த சனிக்கிழமை, கமலநாதனின் கூடாரம் ஆகாயத்தில் ஏறி, ரயில் தண்டவாளத்தையே பிடித்துக்கொண்டு தலைநகரத்து பிரிக்பீல்ட்ஸ் வரை வந்தது என்றும், நான் அதன் கயிற்றை ஒற்றைக் கையால் பிடித்து இறக்கினேன் என்றும் நாலைந்து பேரிடம் சொல்லியிருக்கிறேன். மிகைதான், ஒப்புக்கொள்கிறேன். கூடாரம் எதிர்வீட்டு வேலி வரைதான் போனது. நான் அப்போது சாப்பாட்டு மேசைக்கு அடியில் இருந்தேன். ஆனால், நான் புளுகினால் என் பேத்தி சிரிப்பாள், அத்தோடு போயிற்று. தொலைக்காட்சி புளுகியதில் ஜெஞ்சாரோமில் ஒருத்தி கூரையில்லாமல் நின்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கமலநாதனுக்கு ஐம்பது வயதுக்கு மேல். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் கிள்ளான் வட்டாரத்தில் வீட்டு வாசலில் கூடாரம் போடுபவர் அவர்தான். வந்ததும் முதலில் வானத்தைப் பார்ப்பார், பிறகுதான் வீட்டுக்காரர் முகத்தை. கூடாரத்தின் ஒவ்வொரு காலிலும் சிமெண்டு நிரப்பிய பழைய பெயிண்ட் டின் ஒன்றைக் கட்டுவார். பார்க்கச் சகிக்காது. ஆனால் அந்தச் சனிக்கிழமை வரை, இருபத்தாறு வருடத்தில் அவருடைய கூடாரம் ஒன்றுகூட அசைந்ததில்லை.

அன்று என் மகள் உஷாராணி வீட்டில் பேத்திக்குப் பரிசம். வாசலில் குலையோடு இரண்டு வாழைமரம் கட்டாமல் பரிசமா? டின்கள் படத்தில் விழுந்துவிடும் என்று, முன்கால்களிலிருந்து அவற்றை அவிழ்த்துவிட்டு அந்த இடத்தில் வாழைமரங்களை இறுக்கிக் கட்டினார்கள். அவிழ்க்கச் சொன்னது யார் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. நாலரை மணிக்குக் காற்று வந்தது. வாழை இலைகள் கப்பல் பாய் போல விரிந்து கூடாரத்தை வாரிக்கொண்டு போயின. சேதம்: ஒரு பூந்தொட்டி, ஒரு தட்டு கேசரி.

காரில் போன யாரோ அதைப் படம் பிடித்திருக்கிறார். மாலைச் செய்தியில், "கிள்ளானில் நாற்பது வீடுகளின் கூரைகள் பறந்தன!" எங்கள் கூடாரம் நேராகப் பறந்தது, மெதுவாகப் பறந்தது, இடிச்சத்தத்தோடு இன்னொரு முறை பறந்தது. நாற்பது எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். அந்தத் தெருவில் இருப்பது நாற்பது வீடு. எண்ணியவர் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்க்கவில்லை போலும்.

மறுநாள் காலை உதவி லோரி வந்தது. மெத்தை, பிஸ்கட், தண்ணீர்ப் போத்தல். அதற்குப் பின்னால் இன்னொரு லோரி நிறையப் புத்தம் புதிய கூரைத் தகரம். எங்கள் தெருவில் எல்லாம் ஓட்டு வீடு, எல்லா ஓடும் அதனதன் இடத்தில் இருந்தது. தகரக்காரர்கள் பறந்த கூரையைத் தேடி மூன்று முறை தெருவைச் சுற்றினார்கள்.

கமலநாதன் கிழிந்த கூடாரத்தை மடித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு போன் வந்தது. இராஜம்மா. அவரிடம் விருந்துப் பாத்திரம் கழுவுகிறவர். கிள்ளானுக்கு வெளியே ஜெஞ்சாரோமைத் தாண்டி, செம்பனை எண்ணெய் மரங்களுக்கு நடுவே பழைய தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் குடியிருக்கிறார்.

"தம்பி, இன்னிக்கு வேலைக்கு வரல. கூரை போயிருச்சு" என்றாராம், சளி பிடித்திருக்கிறது என்பதுபோல.

கமலநாதன் நேராகத் தகர லோரியிடம் போனார். "பாஸ், தகரத்த ஜெஞ்சாரோமுக்குக் கொண்டு போங்க. அங்கதான் கூரை இல்ல."

பட்டியலோடு நின்றவர் தலை நிமிரவில்லை. "அண்ணே, லிஸ்ட்ல இந்தத் தாமான் வீடுங்கதான் இருக்கு. அங்க வீடியோ ஏதும் வந்துச்சா?"

"செம்பன ரோட்ட மறிச்சு விழுந்து கெடக்கு. வீடியோ எடுக்க யாரு போவா?"

"அப்ப எப்டி அண்ணே கன்ஃபர்ம் பண்றது?"

அதற்குள் தொலைக்காட்சிப் பெண் ஒருத்தி ஒலிவாங்கியோடு ஓடி வந்தாள். "அண்ணே, நீங்கதான் ஓனரா? நேத்து எங்களுக்குக் கிட்டத்துல ஷாட் கெடைக்கல. இந்தக் கூடாரத்த இன்னொரு தடவ கொஞ்சம் பறக்க விடலாமா? ரெண்டு பேர் தூக்கிப் புடிச்சா போதும் லா."

கமலநாதன் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். சத்தம் போடவில்லை. "பறந்த கூரை வேணும்னா எங்கூட லோரியில ஏறும்மா. பறக்காத கூரையப் படம் புடிக்கிறதுக்கு நான் ஆள் இல்ல."

அவள் ஏறவில்லை. நான் ஏறினேன். "நீங்களா ஆன்டி?" என்றார் கமலநாதன். "வாங்க. டின்ன அவுக்கச் சொன்னது யாருன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாம வந்திருக்கேன், ஞாபகம் வச்சுக்குங்க."

கிடங்கில் இருந்த கூடாரத் துணி அத்தனையையும், அடுத்த ஞாயிறு ஒரு கல்யாணத்துக்குச் சொல்லி வைத்திருந்த புதுத் துணியையும் சேர்த்து ஏற்றினார். பாதையில் கிடந்த செம்பனையை லயத்து ஆட்கள் அறுத்து நகர்த்த, உள்ளே போனோம். இராஜம்மா கட்டிலைச் சுவரோரம் சாய்த்து, அதன் அடியில் அரிசித் தவலையை மூடி வைத்திருந்தார். மேலே வெறும் வானம், மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் முடிக்க வேண்டும். கமலநாதன் சுவரேறித் துணியை விரித்து, நாலு மூலையிலும் டின்னைக் கட்டினார். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்தது. கல்யாணச் சரிகை போட்ட சிவப்புத் துணி ஏழாவது வீட்டுக்குப் போனதும் தூறல் விழுந்தது. வகுப்பில் பிள்ளைகளை எண்ணிய பழைய பழக்கத்தில், லோரியில் உட்கார்ந்தபடியே எண்ணினேன். ஏழு வீடு.

தகர லோரி வந்த பாரத்தோடு திரும்பிப் போனதாக உஷாராணி சொன்னாள். அந்தத் தொலைக்காட்சி இன்றுவரை நாற்பதைத் திருத்தவில்லை. அதனால்தான் இதை எழுதினேன்: நாற்பது அல்ல, கிள்ளானில் ஒன்றுமில்லை, ஜெஞ்சாரோமில் ஏழு.

நேற்று, தள்ளிப்போன பரிசம் நடந்தது. புயலுக்கு மூன்றாவது வாரம். கூடாரம் இல்லை, வீட்டுக்குள்தான். பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இராஜம்மாவுக்கு இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். நான் மேசைக்கு அடியில் இருந்ததைப் படித்தபோது சிரித்தார். கடைசி வரியில் குழாயை மூடினார்.

"ஏழு இல்ல டீச்சரம்மா, ஒம்போது. கால்வாய்க்கு அந்தாண்ட ரெண்டு வீடு இருக்கு. தம்பிகிட்ட துணி தீந்துபோச்சு, நீங்க லோரிய விட்டு எறங்கல. அந்த ரெண்டும் இன்னும் தொறந்துதான் கெடக்கு."