உழவா, உளவா

எங்கள் பக்கத்து வாயில் 'ழ' நிற்காது. வாழைப்பழம் வாயப்பயமாகும். நாலு எழுத்துப் படித்தவர் வாயிலும், சில சொற்களில் எல்லார் வாயிலும், அது 'ள' வரைக்கும் வந்து நின்றுவிடும். பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்த யாரும் இதற்காக வெட்கப்பட்டதில்லை, நானும் வெட்கப்படவில்லை. ஆனால் இந்த ஒற்றை எழுத்தால் என் அப்பாவின் பிழைப்பே போகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். கோட்டைக்குப்பத்தில் மீன் பிடிக்கிற வீட்டுப் பெண் நான், மெட்ராஸில் ஹாஸ்டலில் தங்கி எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். பி.ஏ. சரித்திரம் முடித்ததும் டீச்சர் ட்ரெயினிங் போ என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்குச் சின்னப் பிள்ளைகளிடம் பொறுமை கிடையாது. பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு இயல் என்று ஒரு படிப்பு இருந்தது. எதிராளி என்ன நினைக்கிறான் என்று எப்படித் தெரிந்துகொள்வது, தெரிந்ததை வைத்து எப்படிக் காத்துக்கொள்வது, காத்தும் அடி விழுந்தால் ஒரு நாடோ ஊரோ எப்படி மறுபடி எழுந்து நிற்பது, இவ்வளவுதான் பாடம். நமக்காகவே போட்ட படிப்பு என்று சேர்ந்துவிட்டேன். வகுப்பில் பாதிப் பேர் பட்டாளத்து அதிகாரி ஆகிற கனவில் இருந்தவர்கள், மீதிப் பேர் வேறு எங்கும் இடம் கிடைக்காதவர்கள். பெண் நான் ஒருத்தி.

பயமாக இல்லையா என்று கேட்பார்கள். எதற்குப் பயப்பட வேண்டும்? முதல் மாதமே உளவு வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள். யாரையும் கேட்காமல், கண்ணால் பார்த்தே, பட்டணத்துக்கு இன்னும் தெரியாத ஒரு சேதியைக் கொண்டுவர வேண்டும். பையன்கள் துறைமுக வாசலில் போய் நின்று காவல்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினார்கள். நான் மீன் மார்க்கெட்டுக்குப் போய் கூடைகளைப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று நடந்தேன். எங்கள் ஏரி இறால் ஒரு கூடையில்கூட இல்லை. பழவேற்காட்டில் கடலிலிருந்து இறால் ஏரிக்குள் வருகிற முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டது என்று எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் நம்பவில்லை. மறுவாரம் அது பேப்பரில் ஒரு மூலையில் வந்தது. அதற்கப்புறம் அந்த வகுப்பில் என் பேச்சுக்கு ஒரு மரியாதை இருந்தது.

இன்னொரு வகுப்பில் சிரித்தார்கள். புயலோ போரோ அடித்துப் போட்ட ஊர் எதை வைத்து எழுந்திருக்கிறது, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள் என்றார் பேராசிரியர். பணம், பட்டாளம், அரசாங்கம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தபோது "பாடு" என்றேன். படுகிற பாட்டைச் சொல்கிறாள் என்று வகுப்பே சிரித்தது. சிரித்து முடிக்கட்டும் என்று நின்றுகொண்டே இருந்தேன். எங்கள் ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். அங்கே யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைக்கும். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. புயலில் ஒருவனுக்குப் படகும் வலையும் போனாலும் பாடு போகாது. அடுத்த வீட்டு வலையை இரவல் வாங்கிக்கொண்டு தன் நாளுக்கு இறங்கிவிடுவான். வலை போனவனுக்கும் முறை வரும் என்று சொல்லிவிட்டு, இதைவிடவா உங்கள் பட்டாளம் ஒரு ஊரை எழுப்பும் என்று கேட்டேன்.

இப்போது அந்த எழுத்துக்கு வருகிறேன். அப்பாவை நாங்கள் நைனா என்போம். என் பாடங்களை நான் விளக்கிச் சொன்னதில் அவருக்கு வாயில் நின்ற சொல் உளவு ஒன்றுதான். கரையில் வலை தைக்கிற இடத்தில் யார் கேட்டாலும், "எம் பொண்ணு பட்டணத்துல உளவு படிக்குது" என்பார். கேட்டவர்கள் காதில் அது உழவு. ரேடியோவில் தினமும் வருகிற உழவர் நிகழ்ச்சியையே எங்கள் ஊர் உளவர் நிகழ்ச்சி என்றுதான் சொல்லும். மீன் பிடிக்கிற வீட்டுப் பெண் ஏர் ஓட்டப் படிக்கிறாளாம் என்று குப்பமே ஒரு வருஷம் சிரித்திருக்கிறது. லீவுக்கு வரும்போதெல்லாம், "இன்னா பாப்பா, மாடு சொன்ன பேச்சு கேக்குதா?" என்று கேட்பார்கள். என் பேராசிரியர்களைக் கிண்டல் பண்ணுகிறார்கள் என்று நினைத்து நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

இரண்டாம் வருஷம் ஓர் ஆய்வு எழுத வேண்டும். புயல் வருகிற சேதி எங்கள் கரையில் யார் மூலமாக யாருக்குப் போகிறது என்பதை எடுத்துக்கொண்டேன். லீவில் வீடு வீடாகப் போனேன். முதலில் யாருக்குத் தெரிந்தது, அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள், ஏரி நடுவில் இருக்கிற பசியாவரத்துக்கு யார் போய்ச் சொன்னது என்று குடைந்து குடைந்து கேட்டேன். உழவு படிக்கிற பெண்தானே என்று எல்லாரும் தாராளமாகப் பதில் சொன்னார்கள். மழைக்கும் பயிருக்கும் சம்பந்தம் உண்டு என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த தடவை ஊருக்கு வந்தபோது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எனக்காக ஒருவர் காத்திருந்தார். கரையை விட்டு உள்ளே தள்ளி நெல் பயிரிடுகிற ஊர்க்காரர், வயசானவர். கையில் வேரோடு பிடுங்கின நாற்று.

"ஒன்னப் பாக்கத்தாம்மா குந்திக்கினு கீறேன். பாரு, நுனியெல்லாம் மஞ்சளா பூடுச்சு. இன்னா மருந்து அடிக்கலாம்?"

"என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?"

"நீதான உளவு படிக்கிற?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாடு, ஏர், ஒரு வருஷக் கிண்டல் எல்லாம் சேர்ந்து விளங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தால் அடங்காது, தொண்டையும் பெரிசு. "ஐயோ தாத்தா, நீங்க சொல்றது ஏர் ஓட்டற உளவு. நான் படிக்கிறது வேற உளவு. எவன் எங்க இன்னா பண்றான்னு அவனுக்கே தெரியாம கண்டுபுடிக்கிறது" என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னேன். டீ ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. பெஞ்சில் இருந்த எங்கள் ஊர் ஆட்கள் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். பெரியவர் மட்டும் நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப மருந்து?" என்று கேட்டபடி நின்றார்.

ஏன் எழுந்து போனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷங்களில் எங்கள் கரையில் இருட்டில் படகுகள் வந்து போகும். வெளிநாட்டு ரேடியோ, கடிகாரம், நைலான் புடவை. மீன் கிடைக்காத மாதங்களில் பாதி வீட்டு ஆம்பளைகள் அந்த மூட்டைகளைக் கரையேற்றித் தோளில் சுமந்திருக்கிறார்கள். அனுப்பினவன் யார், வாங்குகிறவன் யார் என்று சுமந்தவனுக்குத் தெரியாது. பிடிபட்டால் உள்ளே போகிறவன் அவன் மட்டும்தான். இப்படிப்பட்ட ஊரில், அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டவள் நான்.

பொழுது சாய்வதற்குள் நான் சி.ஐ.டி. ஆகிவிட்டேன். மறுநாள் அம்மாவின் தலையிலிருந்து மீன் கூடையை இறக்கிவிட ஒரு கை வரவில்லை. அடுத்த வாரம் பாடு வைக்கச் சீட்டுப் போடுகிற நாள். நைனாவின் பெயரை அதில் சேர்க்க வேண்டாம் என்று பேச்சு கிளம்பியது. எங்களுக்கு நிலம் இல்லை, கடை இல்லை. பாடு போனால் வீட்டில் உலை ஏறாது. நைனா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "சிரிக்கறதுக்கு முன்னாடி சுத்திப் பாக்கணும்னு ஒங்க காலேஜ்ல சொல்லித் தர்லியா?" என்று மட்டும் கேட்டார். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

ஊர்க் கூட்டம் கோயில் முன்னால் நடந்தது. பெண்கள் பேசுகிற வழக்கம் இல்லை, ஓரமாக நின்று கேட்கலாம். நான் நேராக நடுவில் போய் நின்றேன். ஊர்த் தலைவர் நைனாவுக்கு அண்ணன் முறை, எனக்குப் பெரியப்பா. கோபத்தை முகத்தில் காட்டாத மனுஷன்.

"இன்னாமா, நீ சி.ஐ.டி.யா?"

"இல்ல பெரிப்பா. சி.ஐ.டி. இன்னா பண்றான்னு படிக்கிறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"மாட்டு டாக்டருக்குப் படிக்கிறவன் மாடா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. "நீ எழுதறத யாரு படிப்பாங்க?" என்று கேட்டார். எங்கள் உளவுப் பாடத்தின் முதல் கேள்வியே அதுதான். தெரிந்துகொண்ட சேதி யார் கைக்குப் போகிறது? அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "என் வாத்தியாரு படிப்பாரு. வெளியில இருந்து ஒருத்தரு வந்து படிச்சிட்டுக் கேள்வி கேப்பாரு. பட்டாளத்துல இருந்தவரா இருக்கும்" என்றேன். கூட்டம் சலசலத்தது. "யாரு தோள்ல எந்த மூட்ட ஏறுச்சுனு நான் எழுத மாட்டேன். கேட்டாலும் சொல்ல மாட்டேன். புயல் சேதி எப்டி போவுதுனு மட்டும்தான் எழுதுவேன்" என்றேன்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி. ஒங்கப்பன் பேரு சீட்டுல இருக்கட்டும். ஆனா ஒம் பேச்சால ஒரு போலீசு இந்தக் கரையில கால வெச்சான்னா அந்தப் பாடு அன்னியோட சரி. ஒங்கப்பன் பாடு ஒன் வாய்ல கீது, பாத்துக்க" என்றார். நைனாவுக்கு அந்த வருஷம் நல்ல இடம் விழுந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆய்வை எழுதி முடித்தேன். நன்றாகவே எழுதினேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முதல் வகுப்பு வந்தால் மேலே ஆராய்ச்சிக்கு இடம் உண்டு என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் நான் நினைத்தபடியே பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷன், கூர்மையான ஆள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பாராட்டிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"புயல் சேதி ரேடியோவைவிட வேகமாகப் பசியாவரத்துக்குப் போனது, விடியும் முன்னே கரையில் இருந்த ஆட்களால் என்று எழுதியிருக்கிறீர்கள். புயல் மாதத்தில் அந்த வேளையில் மீன் பிடிக்க யாரும் போவதில்லை என்று நீங்களே இன்னொரு பக்கத்தில் சொல்கிறீர்கள். அப்படியானால் அவர்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள்?"

மூட்டையைப் பற்றி ஒரு சொல் எழுதாமல்தான் இருந்தேன். மீன் கூடையில் இறால் இல்லாததைப் பார்த்து நான் முகத்துவாரத்தைக் கண்டுபிடித்த மாதிரி, இந்த மனுஷன் என் எழுத்தில் இல்லாததைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். தெரியாது என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் ஆய்வே அரைகுறை என்று ஆகும், அதோடு அது பொய்.

"தெரியும் சார். சொல்ல மாட்டேன்" என்றேன்.

"இது உங்கள் மதிப்பெண்ணைப் பாதிக்கும்."

"பாதிக்கட்டும் சார். சொல்ல மாட்டேன் என்று நான் கொடுத்த வாக்கை நம்பித்தான் என்னை எழுத விட்டார்கள். இன்றைக்கு நான் காட்டிக்கொடுத்தால் அடுத்த புயலுக்கு அந்த ஆட்கள் கரையில் இருக்க மாட்டார்கள், இருந்தாலும் வாயைத் திறக்க மாட்டார்கள். பசியாவரத்துக்கு அப்புறம் யார் சார் போய்ச் சொல்வது?"

அவர் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் ஜன்னலைப் பார்த்தார். வந்தவர் என் ஆய்வை மூடி மேசையில் தள்ளி வைத்தார்.

இரண்டாம் வகுப்புதான் வந்தது. ஆராய்ச்சி இடம் துறைமுக வாசலில் திட்டு வாங்கின பையன் ஒருவனுக்குப் போனது. பொன்னேரி வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். துக்கம் பாதி, ஆத்திரம் பாதி. பொன்னேரியில் முகத்தைக் கழுவிக்கொண்டேன். செய்தது சரி என்பதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகம் இல்லை, இன்றைக்கும் இல்லை.

ஊர் காத்துக்கொண்டிருந்தது. கரையில் வைத்தே பெரியப்பா கேட்டார். சுற்றிலும் ஆட்கள்.

"அந்தப் பட்டாளத்துக்காரரு இன்னா கேட்டாரு?"

"புயல் மாசத்துல விடியறதுக்கு முன்னாடி நம்மாளுங்க கரையில இன்னா பண்றாங்கன்னு கேட்டாரு."



"நீ இன்னா சொன்ன?"

நாக்கை நன்றாக மடித்து, எங்கள் ஊரில் யாரும் கேட்டிராத சுத்தமான 'ழ' போட்டு, "உழவுன்னு சொன்னேன் பெரிப்பா" என்றேன்.

முதலில் சிரித்தவர் பெரியப்பாதான். அதற்கப்புறம் கரையே சிரித்தது. அம்மாவின் கூடையை இறக்க அன்று மூன்று பேர் போட்டி போட்டார்கள்.

நைனா சிரிக்கவில்லை. ஆட்கள் கலைந்த பிறகு வலையை மடித்துக்கொண்டே, "நெஜமா இன்னா சொன்ன?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். இரண்டாம் வகுப்பையும், கைவிட்டுப் போன ஆராய்ச்சி இடத்தையும் சொன்னேன். அவர் வலையைக் கீழே வைத்துவிட்டார்.

"என் பாடு நின்னுச்சு. அப்ப ஒன் பாடு?"

பாடு பாடு என்று அந்த வகுப்பில் நின்று வாய் கிழியப் பேசினவள் நான், என்னைப் பார்த்து இதை யாரும் கேட்டதில்லை.

"வலை போனவனுக்கும் முறை வரும் நைனா" என்றேன்.

வந்தது. எங்கே, எந்த வேலையில் வந்தது என்று மட்டும் சொல்ல மாட்டேன். நைனாவிடமும் சொன்னதில்லை. கடைசி வரைக்கும் யார் கேட்டாலும் அவர், "எம் பொண்ணு உழவு பாக்குது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், அந்த 'ழ'வைச் சுத்தமாக.