பொட்டு வைத்த பிளேட்டுகள்

போன வாரம் என் கிராமபோன் பிளேட்டுகளுக்குப் பொட்டு வைத்துவிட்டார்கள். ஒன்றிரண்டுக்கு அல்ல... அத்தனைக்கும்!

சரஸ்வதி பூஜை. குளித்துவிட்டுப் பூஜை அறைக்குப் போகிறேன். என் சட்டப் புத்தகங்கள் பட்டுத்துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. (வருஷத்தில் அன்றைக்கு மட்டும்தான் அவற்றைத் திறக்காமலிருக்க எனக்கு நியாயமான காரணம் கிடைக்கிறது.) பக்கத்தில் கிராமபோன் பெட்டி, ஹாரனில் மாலையோடு. அதற்கும் பக்கத்தில், உறையிலிருந்து எடுத்துச் சுவரோரம் சாய்த்த பிளேட்டுகள். ஒவ்வொன்றிலும் மூன்று சந்தனப் பொட்டு, நடுவே குங்குமம்.

லேபிள் ஒட்டிய இடத்தில் வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. பாட்டு ஓடும் வரிகளின் மேலேயே வைத்திருந்தாள் என் மனைவி கோமதி.

"பாட்டு இருக்கிற எடத்துலதான வைக்கணும்?" என்றாள்.

"வரிக்குள்ள சந்தனம் போனா ஊசி ஓடாது."

"புஸ்தகத்துக்கு வைக்கலாம், வீணைக்கு வைக்கலாம், இதுக்கு மட்டும் ஆகாதோ? சாமி முன்னால மூளியா வைக்கச் சொல்லுதியளா?"

வக்கீல் கேஸ் தோற்றது. புதிதில்லை.

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு என் பிளேட்டுப் பைத்தியம் தெரியும். ஈரத்துணியால் துடைக்கலாம், சொட்டக் கூடாது. வரியோடு வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே கூடாது. ஸ்பிரிட் பக்கமே போகக் கூடாது — பிளேட்டு என்பது அரக்கு. ஸ்பிரிட் பட்டால் பாட்டு கரைந்து துணியோடு வந்துவிடும். சித்திரை வெயில் பட்டால் அப்பளம் மாதிரி நெளிந்துகொள்ளும். ராஜபாளையத்து மைத்துனர், பிளேட்டுகளுக்கு நடுவே மெத்தையாக வைக்கச் சொல்லி ஒரு மூட்டை பஞ்சு அனுப்பினார். பாசத்தோடு அனுப்பினார், கொட்டையை எடுக்காமல் அனுப்பினார். கீறல்களை இன்றும் கேட்கலாம்.

அடுக்குவது இன்னொரு பாடு. முதலில் சாமி வாரியாக அடுக்கினேன். பெருமாளுக்கு மேல் முருகன் வந்துவிட்டார். ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆயிற்றே... பார்க்க வந்த கட்சிக்காரர் முகம் சுளித்தார். பாடினவர் பெயர் வாரியாக மாற்றினேன். நம் ஊர்ப் பெயர்களை வெள்ளைக்காரன் லேபிளில் அச்சடித்திருக்கும் அழகில், ஒரே பாடகர் மூன்று இடங்களில் போய் உட்கார்ந்தார். கடைசியாகக் கீறல் வாரி. கீறல் குறைந்தது மேலே, மிகுந்தது கீழே. அடுக்கி முடித்துப் பார்த்தால் எனக்குப் பிடித்ததெல்லாம் அடியில் கிடந்தது! பிடித்ததைத்தானே தேய்க்கிறோம்?

ஒன்று மட்டும் அன்று காலை விளங்கியது. எனக்கு அழுக்கு என்றால், மேலே ஏதாவது ஒட்டியிருப்பது. கோமதிக்கு அழுக்கு என்றால், மேலே எதுவுமே இல்லாமலிருப்பது. ஒரே வீட்டில் இரண்டு சுத்தம். எப்படிக் குடித்தனம் நடக்கிறது என்று கேட்காதீர்கள்.

சந்தனம் காய்வதைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது.

முதலில் இறங்கியவர் மீரான் ராவுத்தர். கடைத்தெருவில் கடிகாரமும் கிராமபோனும் விற்கிறவர். என் சம்பாத்தியம் போகும் வழி. பின்னால் என் வயதுள்ள ஓர் அம்மாள். படியேறாமல் நின்றார்.

"வக்கீலய்யா, இவிய பேரு செண்பகம். ராசபாளையத்துல இருந்து வாராக. இவிய பாடுன பிளேட்டு ஒங்ககிட்ட இருக்குல்ல?"

இருக்கிறது. கீறல் அடுக்கில் கிட்டத்தட்ட அடியில். பாடினவரிடம் அதைச் சொல்ல முடியுமா? "இருக்கு" என்றேன்.

அந்த அம்மாள் வாயைத் திறந்தார். சருகை மிதித்தது போல் ஒரு சத்தம். அதுதான் இப்போது அவர் குரல்.

"பட்டணத்துல ஒரு தொரை கொழாய்க்குள்ள பாடச் சொன்னாரு. பாடுனேன். வண்டிச்சத்தத்துக்குக் காசு குடுத்து அனுப்பிட்டாக. பிளேட்டுல என்ன விழுந்துச்சுன்னு நான் கேட்டதே இல்லய்யா. போன தையில ஒரு காச்சல்... கொரலு போயிருச்சு. இனி வராதாம். கொழும்புல தங்கச்சி வீட்டுக்குப் போறேன், சாத்தூர்ல ரயிலேறணும். போறதுக்கு முன்ன ஒருவாட்டி கேட்டுட்டுப் போயிரலாம்னு..."

"இவிய பாட்டு எங்கிட்ட வந்தது ரெண்டு பிளேட்டு," என்றார் ராவுத்தர். "ஒண்ணு வண்டியிலயே ஒடஞ்சுது. இன்னொண்ணு ஒங்ககிட்ட."

நான் எழுந்தேன். கோமதி பூஜை அறை வாசலில் நின்றாள். "நாளைக்கு மறுபூசை ஆகாம எப்படித் தொடுறது?"

"அவிய சொல்றது சரிதான்," என்றார் செண்பகம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந் தம்பூராவும் பொட்டு வச்சு வண்டிக்குள்ளதான் இருக்கு. இன்னைக்கு நானே அதத் தொட மாட்டேன். பிளேட்டுக்கும் பூசை உண்டுன்னு தெரியாம வந்துட்டேன் பாருங்க."

"காலையில கேட்டுட்டுப் போகலாமே?" என்றேன்.

"கப்பல் நிக்காதுய்யா."

திரும்பி வண்டியைப் பார்த்து நடந்தார். ராவுத்தருக்குப் பொறுக்கவில்லை.

"நான் வேணா உள்ள வந்து எடுத்துத் தரட்டுமாம்மா? இந்தப் பூசை என்னயக் கட்டுப்படுத்தாது."

"ஒங்களக் கட்டுப்படுத்தாட்டியும் பிளேட்டக் கட்டுப்படுத்தும் ராவுத்தரே," என்றாள் கோமதி. ஆனால் சிரித்துவிட்டாள். சிரித்தவள் வண்டிப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"அக்கா, நில்லுங்க. அதுல இருக்கிறது ஒங்க கொரலுதானா?"

"அப்படித்தான் சொல்றாக."

"அப்ப அது ஒங்க சாமான். தெரியாம எங்க பூசையில வந்து ஒக்காந்திருக்கு. ஒங்க சாமான நீங்க எடுத்துக்கிட்டுப் போறதுக்குப் பூசை என்ன தடை?"

முன்சீப் கோர்ட்டில் எனக்கு இப்படி ஒரு வாதம் தோன்றியிருந்தால் இன்னும் சில கேஸ்களாவது ஜெயித்திருப்பேன்! எந்தப் பிளேட்டு என்று கேட்டாள், காட்டினேன். கும்பிட்டு எடுத்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து நீட்டினாள்.

"சரி... பெட்டி?" என்றேன் மெதுவாக.

"பெட்டி நம்ம பெட்டி. அது நாளைக்குத்தான்."

"வாங்கய்யா, எங் கடையில ஒண்ணு இருக்கு," என்றார் ராவுத்தர். "அதுக்கு யாரும் பொட்டு வைக்கல."

கடையில் ஒரு ஸ்டூலில் அந்த அம்மாளை உட்கார வைத்தோம். நான் மேல்துண்டின் நுனியை நனைத்துப் பிழிந்து, சந்தனத்தைத் துடைக்க ஆரம்பித்தேன். காய்ந்துபோயிருந்தது. அழுத்தினால் வரி போகும்; அழுத்தாவிட்டால் பொட்டு போகாது. இத்தனை காலம் எத்தனையோ பிளேட்டு துடைத்திருக்கிறேன், இவ்வளவு மெதுவாகத் துடைத்ததில்லை. வீட்டில் இருப்பது பாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். ஒருத்திக்கு மிச்சமிருக்கும் குரல் என்று நினைக்கவில்லை.

"பையத் தொடைங்கய்யா," என்றார் செண்பகம். "எனக்கே வலிக்குது."

ராவுத்தர் புது ஊசி மாட்டிச் சாவி கொடுத்தார். முதலில் கரகரவென்று குங்குமம் பாடியது. பிறகு — குரல்.

தன் பாட்டைக் கேட்கிறவர் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை. பார்க்கத் துணிவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெருமாள் பேரில் பாட்டு. இரண்டு இடங்களில் ஊசி துள்ளியது. முடிவில், அந்தக் காலத்துப் பிளேட்டுகளில் வழக்கம்போல், பாடினவர் தம் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. "செண்பகம்!" என்று ஓர் அதட்டல்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "கையக் காட்டுனதும் பேரச் சொல்லுன்னாரு தொரை. சண்டைக்கு நிக்கிற மாதிரியில்ல கத்தியிருக்கேன்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வீட்டில் கேட்பதைவிடப் பாட்டு வேகமாக ஓடியிருக்கிறது. குரலும் மெலிந்து, உயர்ந்து, சின்னப்பெண் குரலாக இருந்தது. கடைக்கு வருகிறவர்கள் சுறுசுறுப்பாகக் கேட்கட்டும் என்று ராவுத்தர் வேகத் திருகாணியை ஏற்றி வைத்திருக்கிறார்!

"ராவுத்தரே, வேகம் கூட. கொறைங்க, இவிய சரியாக் கேக்கட்டும்." நானே கையை நீட்டினேன்.

"தொடாதீங்கய்யா."

சருகுக் குரல்தான். ஆனால் கை தானாக நின்றது.

"நான் பாடுனது அஞ்சு கட்டை சுருதி. இதுல ஆறு கேக்குது. எனக்குத் தெரியாதா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருவது வயசுல நான் இப்படித்தான் பாடுவேன். அத யாரும் பிளேட்டுல எடுக்கல. இன்னொருவாட்டி... இப்படியே போடுங்க."

போட்டோம்.

பிளேட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "கப்பல்ல ஒடையும்யா. ஒங்க வீட்டம்மாதான் நல்லா வச்சிருக்காகளே" என்று என் கையில் கொடுத்துவிட்டு வண்டியேறினார். வண்டி சாத்தூர் ரோட்டில் திரும்பி மறையும் வரை நானும் ராவுத்தரும் கடைவாசலில் நின்றோம்.

திருகாணி என்று ஒன்று இருப்பது வேகத்தைச் சரியாக்கத்தான் என்று நான் நினைத்திருந்தேன்... வக்கீல் புத்தி!