ஒரு மிஸ்டு கால்கூட இல்லை

எந்த நெருக்கடியிலும் கலங்காமல் இருப்பது எப்படி என்று தலைமை செவிலியர்களுக்கு இன்று பெரம்பலூரில் பயிற்சி.

வாசலிலேயே போனை வாங்கி அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டார்கள். அரியலூரில் என் பிரசவ வார்டு நானில்லாமல் என்ன பாடுபடுகிறதோ என்று காலை முழுக்க அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் போன் கைக்கு வந்தது. ஒரு மிஸ்டு கால்கூட இல்லை.

நானே வார்டுக்கு அடித்தேன். "ஏம்மா, ஒருத்தரும் கூப்பிடல?"

"ரெட்டைப் பிரசவம் ஒண்ணு பாத்தோம் சிஸ்டர். தாயும் புள்ளைங்களும் நல்லாருக்காங்க. நீங்க நிம்மதியா சாப்பிடுங்க" என்றாள், போன மாதம் சேர்ந்த நர்ஸ்.

சாப்பாடு இறங்கவில்லை.

மாலையில் ஒரு படிவம் நீட்டினார்கள். 'உங்கள் மன உறுதி இப்போது எப்படி இருக்கிறது?'

'மதியம் வரைக்கும் இருந்தது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறேன்.