நாலாம் தறியின் சின்னப் புல்லி

எங்கள் வீட்டுக் கணினியில் டிவிடி டிரைவ் மெதுவாகிப்போனது. சாதாரணமாகப் பன்னிரண்டு நிமிடத்தில் நகல் எடுத்து முடிக்கும் தட்டுக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று. கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்ததால்தான் சொல்கிறேன். மகன் பெங்களூருக்குப் போகும்போது விட்டுச்சென்ற பழைய கணினி அது. "அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்கப்பா" என்று அவன் ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்கிறான். ஓடுகிற பொருளைத் தூக்கிப் போட எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் இந்தத் தடவை எனக்கு அவசரம் இருந்தது. அண்ணன் காலமாகி ஒரு வருடம் நிறையப் போகிறது. திதிக்கு வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்ட, தன் அப்பா நடமாடுகிற படம் ஏதாவது இருக்கிறதா என்று அண்ணன் மகள் கேட்டிருந்தாள். புகைப்படங்கள் இருந்தன. நடமாடும் படம் ஒன்றே ஒன்றுதான், அவளுடைய கல்யாண டிவிடி. அவளிடம் இருந்தது உடைந்துபோய், என்னிடம் மட்டும் ஒன்று மிஞ்சியிருந்தது.

அவளும் குழந்தைகளும் வந்திருந்த அன்று அதைக் கணினியில் போட்டோம். மேடையில் பந்தல்காரர் ஓடினார், சமையல்காரர் ஓடினார், எல்லோரும் வெட்டி வெட்டி நின்றார்கள். அண்ணன் தாம்பாளத்தோடு படியேற ஆரம்பித்து ஒரு காலைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். கொஞ்சம் கழித்து இன்னொரு கால். மறுபடி நின்றார். சின்னவன் சிரித்துவிட்டான்.

"தாத்தா இதுலயும் மெதுவாத்தான் வர்றாரு."

அண்ணன் மகள் அவனை அதட்டினாள். ஆனால் அவள் முகத்திலும் சிரிப்புதான் இருந்தது. அண்ணன் என்றால் மெதுவு என்பது எங்கள் குடும்பத்தில் பிறக்கிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சித்தப்பாவுக்கு வயதாகிவிட்டது, எதற்கெடுத்தாலும் முகம் வாடுகிறது என்று அவள் நினைத்திருப்பாள்.

அடுத்த நான்கு நாள் அந்த டிரைவோடு போராடினேன். தட்டை மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் துடைத்தேன். வேறு ஏழு தட்டுகளைப் போட்டுப் பார்த்தேன், ஏழும் மெதுவாகவே ஓடின. ஆகவே தட்டில் குறை இல்லை. பெட்டியைத் திறந்து தூசி தட்டினேன். பட்டை வயரைக் கழற்றி மாட்டினேன், பிறகு கடையில் புது வயர் வாங்கி மாட்டினேன். கடைக்காரர், "டிரைவ் போயிருச்சுங்க சார், வேற மாத்திக்கோங்க" என்றார். போயிருந்தால் அறவே ஓடக் கூடாது அல்லவா? இது ஓடுகிறது, மெதுவாக ஓடுகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

கடைசியில் இணையத்தில் தேடிப் படித்ததில்தான் விஷயம் பிடிபட்டது. இந்தப் பழைய கணினிகளில் ஓர் ஏற்பாடு இருக்கிறதாம். டிரைவ் படிக்கும்போது தடுமாறினால் கணினி அதை ஒரு பிழையாக எண்ணிக்கொள்ளும். ஆறு பிழை சேர்ந்தால், இதற்கு வேகம் தாங்காது என்று முடிவுசெய்து கீழ்வேகத்துக்கு இறக்கிவிடும். அணைத்துப் போட்டாலும் மறக்காது. பிழைக்குக் காரணம் டிரைவ்தானா, கீறல் விழுந்த தட்டா என்று அது பார்ப்பதில்லை. எனக்கு உடனே நினைவு வந்தது. மாசி மாதம் ஒருவர் கொடுத்த திருவிழா தட்டு, முழுக்கக் கீறல், அதைப் பிடிவாதமாகத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கீறல் தட்டு அன்றே போய்விட்டது. இறக்கிய வேகம் மட்டும் நின்றுவிட்டது.

இதைப் படித்தபோது எங்கள் வீட்டு நாலாம் தறி ஞாபகத்துக்கு வந்தது.

எடப்பாடியில் அப்போது எங்களுக்கு நான்கு விசைத்தறிகள் இருந்தன. அப்பா இரண்டு ஓட்டுவார், அம்மா ஒன்று. அண்ணன் எட்டாவதோடு பள்ளியை விட்டு நின்றதும் வாசலோரம் இருந்த நாலாம் தறியை அவனுக்குக் கொடுத்தார்கள். அவனுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஒன்பது.

புதிதாகத் தறியில் ஏறுகிறவர்களுக்கு அப்பா ஒரு கணக்கு வைத்திருந்தார். காலையிலிருந்து மத்தியானச் சோற்றுக்குள் பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலில், பத்து இழைக்கு மேல் அறுந்தால், மோட்டாரில் பெல்ட் மாட்டும் சக்கரமான பெரிய புல்லியைக் கழற்றிவிட்டுச் சின்னப் புல்லியை மாட்டிவிடுவார். புல்லி சின்னதானால் தறி மெதுவாக ஓடும். அறுந்த இழையைப் பார்த்து முடிந்து இணைக்க நேரம் கிடைக்கும், துணியில் குறை விழாது. நியாயமான ஏற்பாடுதான். கணினி ஆறோடு நிறுத்துகிறது, அப்பா பத்து வரை பொறுத்தார்.

அண்ணன் தறியேறிய வாரம் ஐப்பசி மழை. பாவுக்குக் கஞ்சி போட்ட இடத்தில் வெயில் இல்லாமல் கஞ்சி சரியாகப் பிடிக்கவில்லை. நான்கு தறியிலும் இழை அறுந்தது. அப்பாவும் அம்மாவும் பழகிய கை என்பதால் அறுந்த சுவடு தெரியாமல் முடிந்துகொண்டு போனார்கள். அவர்கள் தறியில் யாரும் எண்ணவில்லை. அண்ணன் தறியில் எண்ணினார்கள். பதினான்கு.

"கொஞ்ச நாளைக்கு இது இருக்கட்டும் சாமி. கை பழகட்டும்" என்று சொல்லி அப்பா சின்னப் புல்லியை மாட்டினார். பெரிய புல்லியைத் தறிக்கு மேலே சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டின் சத்தமே மாறிவிட்டது. மூன்று தறி ஒரே கதியில் தட்டும். வாசலோரத் தறி மட்டும் பின்தங்கித் தட்டும். மற்றவை பத்துத் தட்டுத் தட்டினால் அது ஏழு. பாயில் உட்கார்ந்து பாடம் படிக்கும்போது அதை எண்ணிப் பார்ப்பது எனக்கு விளையாட்டாக இருந்தது. தெருவில் போகிறவர்கள்கூடக் காதில் வாங்கிக்கொண்டு, "ஏனுங்க, உங்க பெரிய பையன் தறியில தூங்கறானுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அப்பா சிரிப்பார். அண்ணன் தலை நிமிர மாட்டான்.

மழை விட்டது. அந்தப் பாவு தீர்ந்து நல்ல பாவு வந்தது. தை போய் மாசியும் வந்துவிட்டது. சின்னப் புல்லி அப்படியே இருந்தது. மாட்டுவதற்கு அப்பாவிடம் கணக்கு இருந்தது. கழற்றுவதற்குக் கணக்கு இல்லை.

அம்மா ஒரு தடவை கேட்டாள். "அவனுக்கும் பெரிய புல்லியவே போட்டு உடுங்களே. கைதான் பழகிருச்சில்லைங்க."

"அவன் சுபாவமே மெதுவு. அவனுக்கு இது போதும். எதுக்கு வம்பு?" என்றார் அப்பா. நாலு மாதத்துக்கு முன்னால் மழையின் குறையாக இருந்தது, அதற்குள் அண்ணனின் சுபாவமாக ஆகியிருந்தது.

மாசிக் கடைசியில் மல்லசமுத்திரத்தில் ஒரு உறவுக்காரர் கல்யாணம். அப்பாவும் அம்மாவும் விடியற்காலைப் பேருந்துக்குக் கிளம்பினார்கள். எனக்குக் காய்ச்சல் விட்டு ஒரு நாள்தான் ஆகியிருந்ததால் அழைத்துப் போகவில்லை. "தம்பியப் பாத்துக்க. தறிய நிறுத்தாத. பொழுதோட வந்தர்றோம்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் அண்ணன் முக்காலியைப் போட்டு ஏறி, ஆணியிலிருந்து பெரிய புல்லியை எடுத்தான். நூல் தூசி கம்பளிபோல் அப்பியிருந்தது. அதைக் கழிவு நூலால் பளபளவென்று துடைத்தான். பிறகு சின்னதைக் கழற்றிப் பெரியதை மாட்டி, பெல்ட்டை இழுத்து விட்டான். எனக்குப் பயமாக இருந்தது.

"அப்பா வந்தா அடிப்பாருண்ணா."

"அடிக்க மாட்டாரு. நீ ஒரு வேலை பண்ணு சாமி. இங்க வந்து உக்காரு." தறிக்கு எதிரே என்னை உட்கார வைத்து, குறுக்கே போகும் ஊடை நூல் தீர்ந்த காலித் தார்க்குச்சிகளை ஒரு கை அள்ளி என் மடியில் போட்டான். "ஒவ்வொரு இழை அறுக்கறப்பவும் ஒரு குச்சிய சன்னல்ல நிறுத்து. ஏமாத்தக் கூடாது. எனக்காகக் குறைச்சும் எண்ணக் கூடாது."

"அறுக்காட்டி?"

"அறுக்காட்டி நிறுத்தாத. அவ்ளோதான்."

சுவிட்சைப் போட்டான். மற்ற மூன்று தறிகளும் நின்றிருந்த அமைதியில் நாலாம் தறி எடுத்த சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. ஊடை நூலைச் சுமக்கும் நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பாய்வது கண்ணுக்கே தெரியவில்லை. அண்ணன் குனிந்து பாவின்மேல் கண்ணை வைத்தபடி நின்றான். உதட்டைக் கடித்திருந்தான். முதல் இழை அறுந்தபோது, நான் குச்சியை எடுப்பதற்குள் தறியை நிறுத்தி, முடிந்து, மறுபடி ஓட்டிவிட்டான். எனக்குச் சந்தேகம் வந்தது. நிஜமாகவே அறுந்ததா? "அறுந்துச்சு, குச்சிய நிறுத்து" என்றான், திரும்பாமலே.

மத்தியானம் இருவரும் பழைய சோறு சாப்பிட்டோம். அவன் நின்றுகொண்டே சாப்பிட்டான். அன்று அவன் பாடினான் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தறிச் சத்தத்தில் பாட்டு கேட்கவில்லை, வாய் அசைவதுதான் தெரிந்தது.

பொழுது சாயும்போது சன்னலில் மூன்று குச்சிகள் நின்றன. காலையில் ஒன்று, மத்தியானத்துக்குப் பிறகு இரண்டு. துணி சுற்றும் உருளை காலையில் இருந்ததைவிட நன்றாகப் பருத்திருந்தது. அண்ணன் பெரிய புல்லியைக் கழற்றவில்லை. முகம் கழுவி, தலை வாரி, தறிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நிற்கிற பையன்போல நின்றான்.

அப்பா கல்யாண வேட்டியோடு உள்ளே வந்தார். வாசலிலேயே சத்தத்தில் கண்டுகொண்டிருப்பார். நேராகப் போய் மோட்டாரைப் பார்த்தார். சுவிட்சை அணைத்தார். துணியை நீளமாகப் பிரித்து வாசல் வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்திலிருந்து ஓரம் விரலை ஓட்டிப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். குறை இல்லை.

"பாவு நல்ல பாவு" என்றார். "கஞ்சி நல்லாப் பிடிச்சிருக்குது."

"அப்ப புல்லி அப்படியே இருக்கட்டுமுங்களே" என்றாள் அம்மா.

"ஒரு நாள் ஓடுனத வெச்சு எப்படிச் சொல்றது? நாளைக்குப் பாவு பூராம் அறுத்துட்டு நின்னான்னா, யாரு உக்காந்து முடியறது?"

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. குச்சிகளை எடுத்துக்கொண்டு ஓடினேன். "அப்பா, மூணே மூணுதானுங்க! நான் எண்ணுனேனுங்க!"

"நீயா? எப்ப இருந்து?"

"காத்தால இருந்துங்க. மொதல்ல வலப்பக்கத்து ஓரத்துல ஒண்ணு. அப்புறம் நடுவுல ரெண்டு, கிட்டக்கிட்ட."

அப்பா துணியைத் திருப்பி வலது ஓரத்தில் முடிச்சைத் தேடினார். இருந்தது. நடுவில் தேடினார். இரண்டும் இருந்தன. அவர் முகம் மலர்ந்தது. அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"பாத்தயா இவன! நாள் பூரா உக்காந்து ஒண்ணு விடாம எண்ணியிருக்கறான். காய்ச்சக்காரன்! என்ன கவனம் பாரு. இவனத் தறிப் பக்கம் உடக் கூடாது. படிக்க வெச்சரோணும்." என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். ஒன்பது வயதுப் பையனை யார் தூக்குவார்கள்? எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த ஒரு சொல்லில்தான் நான் உயர்நிலைப் பள்ளிக்குப் போனேன், சேலத்தில் கல்லூரிக்குப் போனேன், ஓர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றேன். அண்ணன் நாலாம் தறியில் இருந்தார். பல வருடம் கழித்து அந்தத் தறியை விலைக்கு வாங்க வந்தவர், "ஏனுங்க, இதுக்கு யாருங்க இத்தினியூண்டு புல்லியப் போட்டது?" என்று கேட்டார். அது அங்கே இருப்பதையே எல்லோரும் மறந்திருந்தோம்.

கணினிக்கு ஒரு வழி இருக்கிறது. டிரைவுக்கு உரிய அந்த இணைப்பின் பதிவையே நீக்கிவிட்டு மறுபடி இயக்கினால், டிரைவை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலக் கணினி பார்க்கும். உன்னால் எவ்வளவு வேகம் முடியும் என்று புதிதாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். செய்தேன். இருபது வினாடி வேலை. தட்டைப் போட்டதும் டிரைவ் உறுமிக்கொண்டு சுழன்றது. நகல் பன்னிரண்டாவது நிமிடத்தில் முடிந்தது.

பிறகு நான் மட்டும் உட்கார்ந்து அந்தக் கல்யாணத்தைப் பார்த்தேன். அண்ணன் தாம்பாளத்தோடு வந்தார். நான்கு படிகளையும் தாவுகிறாற்போல் ஏறி, தாம்பாளத்தை வைத்துவிட்டு, மாப்பிள்ளைக்கு விசிறி இல்லை என்று கண்டு எங்கிருந்தோ கொண்டுவந்து, யாரோ ஒரு குழந்தை மேடை ஓரத்துக்குப் போவதைப் பார்த்து எட்டிப் பிடித்தார். மேடையில் அவரைப்போல் விரைவாக யாரும் நடமாடவில்லை. அந்தக் கல்யாணத்தில் நானும் இருந்தேன். அப்போதும் எனக்கு அது கண்ணில் படவில்லை.

அன்று மாலை அப்பாவின் இடுப்பில் இருந்தபடி நான் அண்ணனைப் பார்த்தேன். மூன்று குச்சிகளும் என் கையில் இருந்தன. "கணக்கு சரிதான் சாமி" என்று சொல்லி அவன் என் காலைத் தட்டிக் கொடுத்தான். அப்பா என்னை இறக்கிவிட்டு மோட்டார் பக்கம் குனிந்தார். ஸ்பேனர் எங்கே என்று அவர் கேட்பதற்கு முன்பே அண்ணன் அதை எடுத்து நீட்டினான். இன்னொரு கையில் சின்னப் புல்லியும் தயாராக இருந்தது. எதையும் மெதுவாகச் செய்கிறவனுக்கு இதில் மட்டும் என்ன அவசரம் என்று நான் யோசித்தேன்.